ஐந்தாவது பேணி

சுமிஸ்வால்டில் பனி தெருவோரம் அழுக்காய்க் கிடந்தது.
ரோத்லிஸ்பெர்கர் அம்மா ஐந்து பிஸ்கட் பேணிகளை
மேசையில் வைத்தார். ஐந்திலும் சுட்டு முடிந்த ரவைக்கோதுகள்.
நாலுக்கு நாற்பது பிராங். ஐந்தாவது சும்மா.
"வெர்னர் போன பிறகு எனக்கு இது வெறும் கிலுக்கு."

நாலு மூடியிலும் நீல மையில் அவர் கணக்கு:
மூன்று தரம் சுட்டது.
ஐந்து தரம், கழுத்தை நெருப்பில் இளக்கியது.
இரண்டு தரம், நீளம் வெட்டவேணும்.
ஆறு தரம், இனி நம்பாதே.
அதற்கும் பத்து பிராங் கொடுத்தேன். எழுதிவைத்ததற்கு.
ஐந்தாவது மூடியில் ஒன்றுமில்லை.

வீட்டில் பழைய துவாயை விரித்தேன்.
முதலில் வெளிச்சம்.
கோதுக்குள் டோர்ச் அடித்தால் அடியில் ஒற்றைத் துளை தெரியவேணும்,
மறுபடி நிரப்ப அதுதான் தோது.
இரட்டைத் துளை ராணுவச் சரக்கு,
ஒரு வெடியோடு அதன் சோலி முடிந்தது.

பிறகு காது.
நாலைந்தை உள்ளங்கையில் போட்டுக் குலுக்குவேன்.
சந்தையில் பானையைத் தட்டி வாங்கியவளுக்கு
இது புதுப் படிப்பில்லை.
நல்லது கணீர் என்னும்.
கீறல் விழுந்தது தடிமன் பிடித்தவன் மாதிரிக் கதைக்கும்.

பிறகு குளிப்பு.
சங்கத்தில் எல்லோருக்கும் எலுமிச்சை உப்பு, எனக்குப் புளி.
பேர்ன் தமிழ்க் கடைப் புளி, இளஞ்சூட்டில் கரைத்து,
குத்துவிளக்குக்கு உள்ள அதே கைப்பக்குவம்.
போத்தலில் விற்கிற பளபளப்புத் திரவம் மட்டும் ஆகாது:
அதிலுள்ள அமோனியா பித்தளையை வெளியே சிரிக்கவைத்து
உள்ளே வெடிக்கவைக்கும்.
ஹான்ஸ்யூர்க் என் கோது ஒன்றை மோந்து பார்த்து
"சூப்பா?" என்றான்.
ரசம், என்றேன்.
எந்தக் கடையில் விற்கிறது என்று கேட்டு எழுதிக்கொண்டான்.

கடைசியில் கம்பி.
கடதாசிக் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை மடக்கி,
உள்ளே விட்டு, அடியிலிருந்து
சுவரோடு உரசிக்கொண்டே இழுக்கவேணும்.
வழுக்கினால் சரி.
தட்டினால் அந்த இடத்தில் சுவர் மெலிந்துவிட்டது,
அடுத்த வெடியில் தலை வேறு உடல் வேறு.

ஐந்தாவது பேணியில் அறுபத்திரண்டு.
அத்தனையும் ஒற்றைத் துளை. அத்தனையும் கணீர்.
கம்பி தட்டியது ஐந்தில்தான்.
மிச்சம் ஐம்பத்தேழில் ஒரு குறை சொல்ல இடமில்லை.
ஆனால் எத்தனை தரம்?

இந்தக் கேள்வியோடு எனக்குப் பழக்கம் உண்டு.
தொண்ணூற்றேழில், பேர்னில், ஜன்னலில்லாத அறை.
மொழிபெயர்ப்பாளர் நடுவில்.
எத்தனை தரம் இடம்பெயர்ந்தீர்கள்?
ஏழு என்றேன்.
அடுத்த மாதம் திரும்பவும் கேட்டார்கள். எட்டு என்றேன்.
அந்த ஒன்றில் தட்டி நின்றுவிட்டது என் கோப்பு,
இரண்டு வருடம்.

சங்கத்தில் சேர்ந்த நாளும் ஒரு படிவம்:
துவக்கோடு முன்னனுபவம் உண்டா?
சத்தம் வந்துசேர்கிற பக்கத்தில் இருந்திருக்கிறேன்
என்று எழுத அதில் இடமில்லை.
'இல்லை'க்கு நேரே புள்ளடி போட்டேன்.

அப்போ, இவற்றுக்குப் பாவம் பார்ப்பதா?
ஆட்களுக்குப் பார்க்கலாம், பார்க்கத்தான் வேணும்.
கன்னத்துக்கு நாலு விரற்கடை தள்ளி
வெடிக்கப்போகிற பித்தளைக்கு முடியாது.

குறட்டை எடுத்தேன்.
ஒவ்வொன்றாய் வாயை நசுக்கினேன்,
யாரும் தவறிக்கூட நிரப்பாதபடி.
நாற்பதாவதில் மணிக்கட்டு உளைந்தது.
தேத்தண்ணி குடித்துவிட்டு மிச்சத்தை முடித்தேன்.

சனிக்கிழமை பழைய இரும்புக்காரன் நிறுத்தான்:
முக்கால் கிலோ சொச்சம், மூன்று பிராங் நாற்பது.
திங்கட்கிழமை ரோத்லிஸ்பெர்கர் அம்மாவின் அழைப்பு.
அந்த ஐந்தாவது, வெர்னர் கடைசியாகத் தொட்டது,
உதவியதா?
ஓம், என்றேன். நல்ல பித்தளை.

பேணிக்குள் இப்போது புளி இருக்கிறது.
மூடியில் திகதி எழுதியிருக்கிறேன்.